நேற்றுப் பூத்த அஞ்சனி

புனேவுக்கு நான் பூப் பார்க்கப் போகவில்லை. தங்கை பானுவின் கண் ஆபரேஷனுக்குத் துணையாகப் போனேன். பூ பார்க்க வா, பூ பார்க்க வா என்று பதினாறு வருடமாக ஒவ்வொரு கோடையிலும் அவள் கூப்பிட்டாள். அப்போதெல்லாம் போகவில்லை. "ஏங்கண்ணு, பூப் பாக்கறதுக்குப் பூனா வரணுமா? கோயமுத்தூர் பூ மார்க்கெட்டுல இல்லாத பூவா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு ஃபோனை வைத்துவிடுவேன். ஒரு வருடம் வீட்டுக்கு வெள்ளையடிப்பு, ஒரு வருடம் முழங்கால் வலி, ஒரு வருடம் ஒன்றுமே இல்லை, சும்மாதான் போகவில்லை.

வியாழக்கிழமை, புனேயை ஒட்டினாற்போல் பானு இருக்கிற சிஞ்ச்வட் போய்ச் சேர்ந்தபோது ரயில் மூன்று மணி நேரம் தாமதம். எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் பூண்டும் மிளகாயும் இடித்த துவையலை என் இட்லிக்கு வைத்தாள். ஒரு வாய் வைத்ததும் காதுக்குள் புகை வந்தது. அவள் அதை வெறும் ரொட்டியோடு சட்னி மாதிரி சாப்பிட்டுக்கொண்டே, உங்களூர்க்காரர்கள் காரம் சாப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டேனே, இவ்வளவுதானா என்று ஹிந்தியில் கேட்டாள். மானம் போயிற்று.

பானு ஸ்டேஷனுக்கு வரவில்லை. அவள் வீட்டுக்காரர் மாணிக்கம்தான் வந்தார். பக்கத்து ஊரான சாகணில் கார் கம்பெனியில் வேலை. ஆபரேஷனுக்கு விடுப்பு எடுக்க வேண்டும் என்பதால் சனி, ஞாயிறு எல்லாம் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க வந்தது பெரிய தெம்புங்க. அவ தனியா இருக்கையில எனக்கு வேலையே ஓடறதில்லீங்க" என்றார். அவர்கள் குடியிருக்கிற அடுக்குமாடி சொஸைட்டி வாசலில் பானு நின்றிருந்தாள். நான் எதிரே வந்து நின்றும் அவள் பார்வை என் தோளுக்கு மேலே எங்கேயோ தேடியது. "அக்கா?" என்றாள். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்ததும் முகம் மலர்ந்தது.

கண் அழுத்த நோய். இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணில் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். விரல்களைக் குழாய் மாதிரி சுருட்டி என் கண்ணில் வைத்து, "இப்புடித்தான். இதும் கொஞ்சம் மங்கலா" என்றாள். நான் அந்தக் குழாய் வழியாகப் பார்த்தேன். அவளுடைய மூக்கு மட்டும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போனோம். சின்ன வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், அது அழுத்தத்தைக் குறைக்கத்தான், போன பார்வை வராது, இருப்பது நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அதற்குப் பிறகு பல மாதங்களுக்குத் தூசி, வெயில், மலை எதுவும் கூடாது. பானு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் மலைக்குப் போய் வரலாமா? டாக்டர் யோசித்து, யாராவது கையைப் பிடித்துக்கொண்டால் போகலாம் என்றார்.

வெளியே வந்து மிசள் பாவ் சாப்பிட்டோம். பயறுக் குழம்பில் மிக்சரைக் கொட்டி ரொட்டியோடு தருகிறார்கள். நம்மூரில் மீந்துபோனதை இப்படிச் செய்தால் மாமியார் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். இங்கே அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே பானு சொன்னாள்: "அஞ்சனி பூத்ததும் கிசன் பாவு ஃபோன் பண்ணுவாரு. இந்த வாரத்துல பூத்துரணும் அக்கா. அத ஒருக்காப் பாத்துட்டேன்னா பொறவு எது எப்புடியானாலும் சரி."

அஞ்சனி என்பது நம்மூரில் காயா மரம். கடக்வாஸ்லா அணையைத் தாண்டி உள்ளே போனால் இரண்டு மலைகளுக்கு நடுவே ஆழமான ஓர் இடுக்கு இருக்கிறது. மழைக்காலத்தில் ஓடை, கோடையில் நடைபாதை. அதன் கோடியில் அஞ்சனி மரங்கள் கூட்டமாக நிற்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை, நாலைந்து நாள், கிளை தெரியாமல் பூக்கும். பானு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனபோது முதன்முதலில் பார்த்தாளாம். அன்றிலிருந்து ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. கிசன் அந்த ஊர்க்காரர், பாவு என்றால் அண்ணன். நிலக்கடலையும் கேழ்வரகும் பயிர் செய்கிறவர். ஊருக்குள் டவர் கிடையாது என்பதால் மேட்டுக்கு ஏறி வந்துதான் பானுவுக்குச் சொல்வார். ஊர்ப் பெயரை எழுதாதே என்று பானு கேட்டுக்கொண்டாள். எழுதினால் மறு ஞாயிற்றுக்கிழமையே காரில் வந்து இறங்கிக் கிளையை ஒடிப்பார்களாம்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. பானுவுக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிப் படுக்க வைத்திருந்தேன். பத்து நிமிடம் அசையக் கூடாது. கூடத்தில் அவள் ஃபோன் அடித்தது. "யாருக்கா?" என்று எழப் பார்த்தாள். "நீ படு. நான் பேசிக்கறேன்" என்றேன்.

என்னைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் இலாகாவில் இருந்தவள் நான். அதில் பாதி வெளியூர் அழைப்புகளை இணைக்கிற டிரங்க் போர்டில். மழையிலும் இடியிலும் கரகரக்கிற லைனில் பெயரையும் ஊரையும் தப்பாமல் பிடித்த காது இது. போதாததற்குப் பள்ளிக்கூடத்தில் ஹிந்திப் பரீட்சை நான்கு எழுதித் தேறியவள். அந்தத் திமிர் இன்றைக்கும் உண்டு.

கிசன்தான். மேட்டில் காற்று வீசுகிற சத்தம் கேட்டது, மூச்சு வாங்கினார். "தாயி! அஞ்சனி கால் பூர்ண ஃபுலலி! லகேச் யா, லகேச்!" என்றார். நம்மூர் மாதிரியே தாயி என்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. "அச்சா, அச்சா, டீக் ஹை" என்றேன். லைன் விட்டுப்போயிற்று.

ஹிந்தியில் நேற்றும் கல், நாளையும் கல். வினைச்சொல்லைப் பார்த்துத்தான் எதுவென்று சொல்ல வேண்டும் என்று பண்டிட் சொல்லிக் கொடுத்தது நினைவில் இருந்தது. இவர் கிராமத்து ஆள், கல்லை இழுத்துக் கால் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பூர்ண என்றால் பூரணம். ஃபுலலி என்பது ஃபுல்லு. ஆகவே நாளைக்கு முழுசாகப் பூக்கும். யா என்றால் வா; நேற்றைக்கு யாரும் வரச் சொல்ல மாட்டார்களே. அந்த லகேச்சுதான் கொஞ்சம் இடித்தது. அதையும் நானே சரிசெய்துகொண்டேன்.

"பானு, நாளைக்கு முழுசாப் பூத்துருமாம். நாளைக்கு வரச் சொன்னாரு. லக்கேஜப் பத்தியும் ஏதோ சொன்னாரு. நெறையத் தூக்கிட்டு வர வேண்டாங்கறாராட்ட இருக்குது."

பானு கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "போன வருசம் ரெண்டு பை நெறையச் சாப்பாடு எடுத்துட்டுப் போனேன். அதத்தான் சொல்றாரு பாவம்" என்றாள். திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் மேட்டிலிருந்து இறங்கியிருப்பார், கிடைக்கவில்லை. "சரி, நாளைக்கே போலாம். முழுசாப் பூத்ததப் பாத்தாத்தான் பாத்த மாதிரி" என்றாள்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வானம் கறுத்து மழை கொட்டியது. கொஞ்ச நேரத்தில் ஆலங்கட்டி. பால்கனித் தகரத்தில் கற்களைக் கொட்டுகிற மாதிரி சத்தம். நான் பயந்துபோய், "பூவெல்லாம் போயிருமா கண்ணு?" என்றேன். பானு கையை வெளியே நீட்டி ஓர் ஆலங்கட்டியைப் பிடித்து என் கன்னத்தில் வைத்தாள். "பூத்திருந்தாப் போயிருக்கும். மொட்டு கெட்டி, தாங்கிரும். நல்லவேளை, நாளைக்குப் பூக்குது" என்றாள். ராத்திரி அரிசியும் பருப்பும் சாதம் செய்து கொடுத்தேன். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் கிளம்பினோம். டிரைவர் சச்சின் என்கிற பையன், வழி முழுக்க ஹிந்தியில் பேசினான். கடக்வாஸ்லா அணையருகே பாதி புனே கூடியிருந்தது. சுட்ட சோளக்கதிரும் வெங்காய பஜ்ஜியும் விற்கிற தள்ளுவண்டிகள் சாலையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தன. ஒன்றேகால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றோம். இன்ஜின் சூடாகி ஏ.சி.யும் நின்றது. நம்மூரில் சிறுவாணிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை இதே கூத்துதான். ஆனால் இவ்வளவு எண்ணெய் வாசனை இருக்காது. நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பானு திட்டவில்லை. "எத்தன மணிக்கா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மலை அடிவாரத்தில் இறங்கி நடந்தோம். இரண்டு பக்கமும் கரும்பாறைச் சுவர். நடுவே உருண்டைக் கற்கள். பானு என் தோளில் கைவைத்துப் பின்னால் வந்தாள். நான் பார்ப்பதைச் சொல்ல வேண்டும், அவள் பெயர் சொல்வாள். வெள்ளைக் கொத்தாகக் குச்சி மரத்தில் ஒரு பூ என்றால், "குடா. நம்ம வெட்பாலை" என்பாள். இலையே இல்லாமல் மண்ணைப் பிளந்துகொண்டு வெள்ளையும் ஊதாவுமாய் ஒரு பூ நேரே எட்டிப் பார்த்தது. அதைச் சொன்னதும் குனிந்து தடவி முகர்ந்தாள். "பூயி சாபா. மழை விழுந்ததும் வந்திருக்குது பாரு." களாக்காய்ப் புதர்களில் பழம் கறுத்திருந்தது. பறித்து வாயில் போட்டேன். பால் உதட்டில் ஒட்டிக்கொண்டது. அவள் முகம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையின் முகமாட்டம் இருந்தது. இத்தனை வருடம் இவளோடு வந்திருக்கலாமே என்று தோன்றியது.

வளைவு திரும்பியதும் கிசன் நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும், வெள்ளைத் தொப்பி. எங்களைப் பார்த்ததும் கும்பிட்டார், பிறகு கையை விரித்தார். அவருக்குப் பின்னால் மரங்கள் நின்றன. இலை கிழிந்து, கிளை முறிந்து, ஒரு பூ இல்லை. தரை முழுக்கப் பூ. சேற்றில் அமிழ்ந்து கறுத்துப்போயிருந்தன.

"அக்கா, வந்துட்டமா? எப்புடி இருக்குது?" என்றாள் பானு.

கிசன்தான் மராத்தியில் நீளமாகப் பேசினார். என்னைக் காட்டிக் காட்டிப் பேசினார். நடுவில் அந்தக் கால் என்கிற சொல் இரண்டு மூன்று தரம் வந்தது. பானுவின் முகம் மெதுவாக அணைந்தது. ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் தலையசைத்தாள்.

"என்ன சொல்றாரு?"

"இந்த வருசம் சரியாவே பூக்கலயாம் அக்கா. இருந்த கொஞ்சநஞ்சமும் நேத்து ஆலங்கட்டியில போயிருச்சாம்" என்றாள்.

கீழே உட்கார்ந்து ஒரு பிடி பூவை அள்ளிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மர நிழலில் அவளுக்கு நிறம் பிடிபடவில்லை போலிருக்கிறது. வெயிலுக்குத் திருப்பினாள். பிறகு கையை மண்ணில் துடைத்துக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றாவது இருக்காதா என்று அண்ணாந்து தேடினேன். பாறை முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஓரிடத்தில், அதன் மறைவில் ஒரு கிளை. ஒரே ஒரு கொத்து தப்பித்திருந்தது. "பானு! மேல பாரு!" என்று கத்தினேன். "எங்கக்கா? எங்க?" என்று எழுந்தாள். அவள் தாடையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தை நிமிர்த்தினேன். இன்னும் இடது பக்கம், இல்லை, கொஞ்சம் மேலே, அந்தப் பாறைக்குக் கீழே. அவள் கண் அலைந்தது. நான் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது போய்ச் சேரும் என்று. அது கொத்தைத் தாண்டி வெறும் பாறையில் போய் நின்றது.

"ஆங், பாத்துட்டேன்" என்றாள். "நல்லா இருக்குதுக்கா."

நானும் ஆமாம் என்றேன்.

கிசன் வீட்டில் சாப்பிடாமல் விடமாட்டோம் என்றுவிட்டார்கள். சோள ரொட்டியும் கெட்டியான கடலை மாவுக் குழம்பும். அவர் மனைவி பானுவின் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். நான் கை கழுவிவிட்டு, கார் நின்ற மேட்டுப் பக்கம் போனேன். அங்கேதான் டவர் கிடைக்கும் போலிருக்கிறது; சச்சின் ஃபோனில் யாரிடமோ, "ஹோ, லகேச் யேதோ, லகேச்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

என்ன லக்கேஜ் ஏற்றப் போகிறாய் என்று ஹிந்தியில் கேட்டேன். சிரித்துவிட்டான். லக்கேஜ் இல்லை ஆன்ட்டி, மராத்தியில் லகேச் என்றால் உடனே, இப்பவே. உடனே வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன் என்றான்.

ஈரக் கையைப் புடவையில் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. மராத்தியில் கால் என்றால் என்ன என்று கேட்டேன். நேற்று என்றான். நாளைக்கு? அதற்கு உத்யா. ஹிந்தி மாதிரி குழப்பமே கிடையாது ஆன்ட்டி, எங்களுக்குக் கால் என்றால் நேற்று மட்டும்தான் என்றான்.

நேற்று முழுசாகப் பூத்துவிட்டது, உடனே வாருங்கள். கிழவர் மேடேறி, மூச்சு வாங்கி, கத்திச் சொன்னது அதைத்தான். சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கிளம்பியிருந்தால் அணையருகே கூட்டமும் இருந்திருக்காது, இரண்டு மணிக்கு மரத்தடியில் இருந்திருப்போம். மழை ஐந்து மணிக்குத்தான் வந்தது.

காரில் ஏறினதும் கேட்டேன். "பானு, அவரு உங்கிட்ட நெசமா என்ன சொன்னாரு?"

"அதான் சொன்னேனே. பூக்கல."

"பொய் சொல்லாத கண்ணு. கால்னா என்ன, லகேச்னா என்னன்னு இப்பத்தான் கேட்டுட்டு வர்றேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு பாத்தேன்" என்றாள்.

"நான் பாவி. என்ற தலையில இடி விழ. என்னத் திட்டு. ரெண்டு அறை அறைஞ்சாலும் சரி."

"அக்கா, சும்மா இரு. எனக்குக் கோவந்தான். ரொம்பக் கோவம். பதினாறு வருசம் கூப்புட்டேன், வரல. இந்த ஒரு வருசம் வந்த, வந்து இப்புடிப் பண்ணிப்போட்ட. தெரியலைன்னா ஃபோனை என்ற கையில குடுக்க வேண்டியதுதான? பத்து நிமிசம் கண்ணத் தொறந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? இனிமே என்ற ஃபோனத் தொடாத." ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். "வேற ஒண்ணும் பேசாத இப்போ."

பேசவில்லை. சிஞ்ச்வட் வரை பேசவில்லை. திங்கட்கிழமை முழுவதும் சொட்டு மருந்து நேரத்தை மட்டும் சொல்லிக்கொண்டோம். மாணிக்கம் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஆபரேஷன் பயம் என்று நினைத்துக்கொண்டு ஸ்ரீகண்ட் வாங்கி வந்தார். இனிப்புத் தயிர். யாரும் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை உள்ளே கூட்டிப்போகும் முன் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நானாக ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. என் காதையும் அறிவையும் நம்புகிற காலம் முடிந்துவிட்டது.

கட்டைப் பிரித்தபோது டாக்டர் மூன்று விரலைக் காட்டினார். பானு எதிரே இருந்த வெளிச்சத்தைத்தான் பார்த்தாள். கையை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தார். "அசையறது தெரியுது" என்றாள். கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார் அவர். மாணிக்கம் சுவரோரமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

மறுநாள் சாயங்காலம் பால்கனியில் அவளுக்கு டீ கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி ஒரு வாய் குடித்தாள். பிறகு தானாகவே பேசினாள்.

"அக்கா, அந்தப் பாறைக்குக் கீழ ஒரு கொத்து இருந்துச்சே. அது எப்புடி இருந்துச்சு? சொல்லு."

"நீதான் பாத்தியே கண்ணு."

"நான் எங்க பாத்தேன்? நீ அந்தப் பாடுபட்டுக் காட்டுன, அதுக்காகச் சொன்னேன். நீ சொல்லு. கொத்து பெருசா இருந்துச்சா? நல்ல நீலமா, இல்ல ஊதாவா?"

சொல்ல வாயைத் திறந்தேன். அன்றைக்கு அவள் மேலுதட்டில் இருந்த வியர்வை நினைவில் இருந்தது. தாடை என் கையில் நடுங்கியது, இமை படபடத்தது, கண் பாறையில் போய் நின்றது, எல்லாம் நினைவில் இருந்தது. பூ நினைவில் இல்லை. அண்ணாந்து பார்த்த ஒரு நொடிக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நீலம் என்று ஒரு பொய் சொல்லலாம். மறுபடியும் அவளிடம் தப்பாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

"தெரியல பானு. நான் உன்ற கண்ணத்தான் பாத்துட்டு இருந்தேன். பூவச் சரியாப் பாக்கவே இல்ல" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினாள். நான் வாங்கி வைத்தேன்.

"அப்ப ரெண்டு பேருமே பாக்கலையாக்கா?" என்றாள் பானு.